உப்புத்தாளில் ஒரு ரோமானிய முகம்

ரோமுக்கு அருகே திவோலியில், ஹாட்ரியன் பேரரசரின் மாளிகை இடிபாடுகளில் கிடைத்த தாடிக்கார வீரனின் சலவைக்கல் தலை, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிளாஸ்டர் வார்ப்பு ஒன்றை வைத்திருந்தவர் ஆங்கிலேயரான ஃபாக்ஸ் டால்பட். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். கிரேக்கக் காவிய வீரன் 'பட்ரோக்ளஸ்' என்று பெயரிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலின் 24 படங்களில் இரண்டு இந்தத் தலைதான்.

சிலை அசையாது, வெள்ளையாகவும் இருக்கும். மந்தமான அன்றைய தாளுக்கு வசதி. ஆனால் டால்பட் அதோடு நிற்கவில்லை. பீடத்தில் சிலையைத் திருப்பினால் படத்தின் தோற்றமே மாறுவதைக் கவனித்தார். நேர்வெயிலில் நிழல் கடுமையாக விழும். மேகமூட்டம் நல்லது என்றார். வெயிலில்தான் எடுக்க வேண்டுமென்றால், எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து நிழலுக்குள் ஒளியைத் திருப்பிவிடலாம். ஸ்டுடியோக்காரர்கள் இன்று வெள்ளை அட்டையை வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

உப்புத்தாளில் அச்சிடும் முறை எளிது. தாளைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி, மங்கிய வெளிச்சத்தில் வெள்ளி நைட்ரேட்டைத் தூரிகையால் பூச வேண்டும். இரண்டும் சேர்ந்து தாளின் நாருக்குள்ளேயே வெள்ளி குளோரைடாகின்றன. மேலே நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், ஒளி புகும் இடமெல்லாம் கறுக்கும். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கறுக்க விட வேண்டும். பிறகு படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசலில் போடும்போது வெளிறிவிடும். கடைசியில் நன்றாக அலச வேண்டும். ஹைப்போ மிச்சமிருந்தால் படம் நாளடைவில் மஞ்சளித்து மங்கும்.

பளபளப்பான மேல்பூச்சு இல்லாததால் படம் தாளில் ஊறிக் கிடக்கிறது. டால்பட்டின் நெகட்டிவும் தாள்தான். அதன் நார் நுணுக்கங்களைக் கரைத்துவிடும். இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூர்மையான டிஜிட்டல் படத்தில் முதலில் தெரிவது விரிசலும் உளித்தடமும். உப்புத்தாளில் அவை அடங்கி, கன்னமும் புருவமும் முன்னே வருகின்றன. கல் சதையாகிறது.

இன்று உப்புத்தாளில் அச்சிடுவோர் டிஜிட்டல் படத்தை ஒளிபுகும் பிலிமில் நெகட்டிவாக அச்சிட்டுக்கொள்கிறார்கள். இருட்டறை தேவையில்லை. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் மட்டும் கட்டாயம்: வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப்போகும், கண்ணில் பட்டால் ஆபத்து.