குதிரை நிலையில் எதற்காக நிற்க வைக்கிறார்கள்?

குங்ஃபூ கிளாஸில் சேர்ந்த முதல் நாளே குத்து, உதை எல்லாம் வந்துவிடும் என்று நினைத்துப் போவோம். வராது. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கச் சொல்வார்கள். இதற்குச் சீனத்தில் மாபு என்று பெயர். 'மா' என்றால் குதிரை, 'பு' என்றால் அடி எடுத்து வைப்பது, நிலை. கொஞ்ச நேரத்திலேயே தொடை எரியும், அப்புறம் கால் தானாக நடுங்கும். 'இதென்ன, நம்ம பொறுமையைச் சோதிக்கிறாங்களா?' என்று மனசுக்குள்ள கேள்வி வரும்.

அப்படி நினைக்க வைத்ததில் சினிமாவுக்குப் பங்குண்டு. 1978-இல் வந்த 'ஷாலினின் 36-ஆவது அறை' போன்ற ஹாங்காங் படங்களில் பயிற்சி என்றாலே தண்டனைதான். உண்மையான காரணம் ரொம்பச் சாதாரணமானது. குத்தின் பலம் கையில் தொடங்குவதில்லை. பின்கால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, அது தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. மாபுவிலிருந்து கோங்பு எனப்படும் வில் நிலைக்குத் திரும்பும்போது நடப்பது இதுதான். தொடைக்கு உடம்பைத் தாங்கும் தெம்பு இல்லையென்றால், திரும்புகிற நேரத்தில் உடம்பு மேலே எழும்பிவிடும். அப்புறம் வேலை செய்வது கை மட்டும்தான். வெறும் உடல் பலத்தை 'லி' என்றும், இப்படிப் பழக்கி எடுத்த பலத்தை 'ஜின்' என்றும் சீனர்கள் பிரித்துச் சொல்கிறார்கள்.

அதற்காக மணிக்கணக்கில் நின்றால் எல்லாம் வந்துவிடும் என்றும் இல்லை. அசையாமல் நின்று வளர்க்கும் பலம் பெரும்பாலும் அந்த மூட்டுக் கோணத்துக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும்தான் உதவும். கொஞ்சம் பழகிய பிறகு, நிற்பதைவிட ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் பழகுவதுதான் பலன் தரும் என்பது என் கருத்து.

இதில் நிஜமாகவே ஆபத்தில் இருப்பது முழங்கால். தொடை தரைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது சின்ன வயசிலேயே தொடங்கிய வூஷூ வீரர்களுக்கான அளவு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற முப்பது வயதுக்காரர் யூடியூபைப் பார்த்து அதே ஆழத்துக்கு இறங்கினால், முழங்கால் உள்பக்கமாகச் சாயும், முதுகு முன்னால் விழும். முழங்கால் ஏறக்குறைய கதவுக்கீல் மாதிரி. மடங்கும், நீளும்; முறுக்குவதற்கு அதில் அதிகம் இடமில்லை. எடையைத் தாங்கிக்கொண்டு மடங்கியிருக்கும்போது முறுக்கினால், உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தகடு அடிவாங்கும். முழங்கால்சில்லும் இரண்டாவது கால்விரலும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று குனிந்து பாருங்கள். பார்க்கவில்லை என்றால் மேலே எழுந்துவிடுங்கள்.

'தைச்சி மெதுவானது, அதில் பயமில்லை' என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மெதுவாகச் செய்வதால்தான் மடங்கிய ஒற்றைக்காலில் எடை அதிக நேரம் நிற்கிறது. 1956-இல் சீன விளையாட்டு ஆணையம் யாங் பாணியைச் சுருக்கி, பொதுமக்களுக்காக 24 அசைவுகள் கொண்ட ஒரு தொடரை உருவாக்கியது. முடிக்க ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். இன்று புதிதாக வருகிற பலர் கற்பது இதைத்தான். இதில் பல இடங்களில், அடுத்த அடி வைக்கும் முன் எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், இலேசான முன்பாதத்தைக் குதிகால்மேல் திருப்பி, பிறகுதான் முன்னே வருவார்கள். பார்க்க அலங்காரம் மாதிரித் தெரியும். அவசரக்காரர்கள் முதலில் விடுவதும் இதைத்தான். எடை இருக்கும்போதே பாதத்தைத் திருப்பினால் அந்த முறுக்கு நேராக முழங்காலுக்குப் போகும்.

ஒரு காலத்தில் இதையெல்லாம் குரு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். தேநீர் கொடுத்து, விழுந்து வணங்கிச் சீடராகச் சேர்ந்த சிலருக்கு மட்டும் கற்றுக்கொடுப்பது பழைய வழக்கம். 1910-இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வு சங்கம் அதை மாற்றியது. பொதுப் பாடத்திட்டம், கூட்டமாக வகுப்பு, பெண்களுக்கும் இடம். நம்மைப் போன்றவர்கள் உள்ளே வர முடிந்தது இந்த மாதிரி மாற்றங்களால்தான். ஆனால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது கடைசி வரிசைக்காரர் முழங்காலை யார் பார்ப்பது? கிளாஸில் சேரும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். மாஸ்டர் எவ்வளவு உயரம் எகிறி உதைக்கிறார் என்பது முக்கியமில்லை. புதிதாக வந்தவர் பக்கத்தில் போய்ப் பாதத்தைச் சரிசெய்து வைக்கிறாரா, அதைப் பாருங்கள்.

வீட்டில் பழகுவதென்றால் உயரமாகவே நின்று அரை நிமிடம், எழுந்து கால் உதறி, மறுபடி அரை நிமிடம். தொடை நடுவில் எரிந்தால் அது தசை, பரவாயில்லை. முழங்கால்சில்லுக்கு அடியிலோ மூட்டின் உள்பக்கமோ வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். ஓய்வெடுத்தும் வலி நின்றபாடில்லை என்றால் மாஸ்டரிடம் இல்லை, டாக்டரிடம் போங்கள்.