பதினோரு படுக்கையில் தொடங்கிய பழக்கம்

அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2001-இல் கணக்கு மோசடி வெளிப்பட்டுத் திவாலானது. மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை என்ற நான்கையும் தன் கொள்கைகளாக அறிவித்திருந்த நிறுவனம் அது. சொற்களில் ஒரு குறையும் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் அன்றாடத்துக்குள் அவை இறங்கவே இல்லை, அவ்வளவுதான். இன்று நம் ஊர் நிறுவனங்களிலும் இத்தகைய சொற்களைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்பக்கத்தில்கூட அச்சிட்டுக் கொடுப்பதுண்டு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

அரை நூற்றாண்டாக ஒரு கொள்கையைத் தொழிலாகவே நடத்திக் காட்டிய இடம் ஒன்று மதுரையில் இருக்கிறது. அது அன்று எப்படி நடந்தது, இன்று எப்படி நடக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கி, விரல்கள் கோணிப்போய், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுந்த பிறகு கண் மருத்துவத்துக்கு மாறி, அந்தக் கோணல் விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து, அரசு விதிப்படி 58 வயதில் ஓய்வு பெற்றார். அதே 1976-இல், அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

வங்கி கடன் தரவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்துப் பெண்களின் நகைகளும் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, பொறியாளரான தம்பி சீனிவாசன் என்று வீட்டார்தான் முதல் பணியாளர்கள். பணம் கொடுப்பவரிடமிருந்து வருவதைக் கொண்டு கொடுக்க முடியாதவருக்கும் வைத்தியம் பார்ப்பது, மிச்சம் விழுவதில் கட்டடத்தை மேலே எழுப்புவது என்று வேலை நடந்தது.

அன்று அங்கே கொள்கை எங்கே இருந்தது என்று கேட்டால், ஒரு மனிதரின் உடம்பில் இருந்தது என்றுதான் சொல்வேன். வளைந்த விரல்களோடு ஒருவர் விடியற்காலையில் மருத்துவமனைக்கு வந்து நிற்கும்போது, தாமதமாக வரும் இளம் மருத்துவருக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. வீட்டிலும் மருத்துவமனையிலும் ஒரே பேச்சு. அண்ணன் சொன்னதைத் தங்கை செய்தார், தங்கை செய்வதைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். அண்ணன்-தங்கை உறவின் உரிமையால் ஓடிய நிர்வாகம் அது.

அதில் பெரிய பலம் உண்டு, பெரிய ஆபத்தும் உண்டு. நம் ஊர்களில் மில் நடத்தியவர்கள், பஸ் நடத்தியவர்கள், அச்சகம் நடத்தியவர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் தங்கள் ஆளுமையாலேயே ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். முதலாளி கண்ணை மூடியதும் அடுத்த பத்தாண்டில் அந்த ஒழுங்கும் போய்விட்டது. பாகப்பிரிவினை வந்தது, பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. வெங்கடசாமி 2006 ஜூலையில் மறைந்தார். அவரில்லாத அரவிந்தும் அப்படி ஆகியிருக்கலாம். ஆகவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே கொள்கையைத் தம் உடம்பிலிருந்து பிரித்து வேலையின் அமைப்புக்குள் வைத்துவிட்டார்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

அறுவை அரங்கையே எடுத்துக்கொள்வோம். மருத்துவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொரு நோயாளி மரத்துப்போகும் மருந்து கொடுக்கப்பட்டு, முகம் மூடப்பட்டு, கண் மட்டும் தெரியத் தயாராக இருப்பார். கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று முடிந்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்பும், மருத்துவர் திரும்புவார். இடையில் வீணாகும் நேரம் மிகக் குறைவு. இங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்வது இதனால்தான்; நாட்டின் சராசரி அதில் ஒரு சிறு பங்கு. வெங்கடசாமி அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் ஒரு பண்டத்தைத் தர முடியும் என்றால் கண் பார்வையையும் அப்படித் தர முடியாதா என்று கேட்டவர். அந்தக் கேள்விக்கான விடைதான் இந்த இரண்டு மேசைகள்.

இதில் முக்கியமான ஒரு ஏற்பாடு உண்டு. பணம் கட்டுவோர் பிரிவில் அறுவை செய்யும் அதே மருத்துவர்கள் முறை வைத்து இலவசப் பிரிவிலும் செய்கிறார்கள். அறையிலும் படுக்கையிலும் வேறுபாடு உண்டு, கண்ணுக்குள் போகும் கத்தியில் வேறுபாடு இல்லை. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. ஏழையையும் சமமாக நடத்து என்று ஆயிரம் முறை சொல்லலாம். பணிமுறைப் பட்டியலில் எழுதிவிட்டால் அதைச் சொல்ல வேண்டிய தேவையே போய்விடுகிறது.

அடுத்தது சிஸ்டர்கள். பணியாளர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். பிளஸ் டூ முடித்த, பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பெண்கள். மதிப்பெண்ணைவிடக் குணத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். பெற்றோரையும் அழைத்துப் பேசுகிறார்கள். விடுதியில் தங்கவைத்து இரண்டு ஆண்டுப் பயிற்சி. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவையில் உதவுவது, பயந்து வரும் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. டாக்டர் நாச்சியார் அன்று தாமே நின்று பழக்கிய முதல் அணியிலிருந்து வளர்ந்தது இந்த முறை. தங்கள் ஊரிலேயே பார்வை போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, நோயாளியிடம் பரிவு காட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆள் எடுக்கும் வாசலிலேயே பாதிக் கலாச்சாரம் முடிவாகிவிடுகிறது. இதை நம் மனிதவளத் துறைகள் போதுமான அளவு நினைப்பதில்லை.

பிறகு கணக்கு. எந்த மருத்துவரின் அறுவையில் எத்தனை சிக்கல், எதனால் வந்தது என்று பதிவு செய்து, கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். அன்று வெங்கடசாமியின் ஒரு பார்வை செய்த வேலையை இன்று இந்தப் பதிவேடு செய்கிறது. தவறு செய்தவரைத் தண்டிப்பதற்கென்று வைத்தால் எல்லோரும் மறைப்பார்கள். திருத்துவதற்கென்று வைத்ததால் உண்மை வெளியே வருகிறது. கண்ணுக்குள் செலுத்தும் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தால் அறுவைக்குப் பிந்தைய தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தது என்று, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்து 2017-இல் அவர்களால் எழுத முடிந்தது. ஒவ்வொரு கண்ணையும் எண்ணி வைத்திருந்தவர்களுக்கே அது முடியும்.

தங்களுக்குச் சங்கடமான கணக்கையும் அவர்கள் ஒதுக்கவில்லை. கண் முகாம்தான் அரவிந்தின் பெருமை. ஆனால் முகாம் நடக்கும் ஊர்களில், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்தார்கள் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் அரவிந்தைச் சேர்ந்த துளசிராஜும் ஒருவர். மற்றவர்கள் வராததற்குக் காரணங்கள் உண்டு: இலவசம் என்றாலும் கூலி போகும், கூட வர ஆள் இல்லை, வயதானால் இப்படித்தான் என்ற நினைப்பு. முகாம்களைப் பற்றி விழா எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே சிஸ்டர் பரிசோதிப்பார், மதுரையிலோ தேனியிலோ இருக்கும் மருத்துவர் இணையத் திரையில் நோயாளியிடம் பேசுவார். இன்று இத்தகைய மையங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன.

சிக்கனம் இன்னொரு பழக்கம். எண்பதுகளில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்றின் விலை 100 டாலர் அளவில். ஏழைகளுக்கு அது கட்டுப்படியாகாது, சோடாபுட்டிக் கண்ணாடியே போதும் என்று பேசிய வல்லுநர்கள் உண்டு. பணக்காரருக்கு ஒரு பார்வை, ஏழைக்கு ஒரு பார்வை என்பதை ஏற்காமல் 1992-இல் ஆரோலாப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கி, விலையைப் 10 டாலர் அளவுக்கும் அதற்குக் கீழும் கொண்டுவந்தார்கள். இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. வறுமையில் பழகிய அதே சிக்கனம் இப்போது வேறொரு பயனையும் தருகிறது: பிரிட்டனில் ஒரு கண்புரை அறுவைக்குச் சுமார் 130 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்றால், இங்கே சுமார் 6 கிலோ என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு கவலையையும் சொல்ல வேண்டும். அன்று பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்ணுக்கு வேறு வாசல் குறைவு. இன்று தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பொறியியல், செவிலியம், கலைக்கல்லூரி என்று வழிகள் திறந்திருக்கின்றன. இது நாம் எல்லோரும் கொண்டாட வேண்டிய மாற்றம். ஆனால் அந்தப் பெண்களின் உழைப்பின்மேல் நிற்கும் எந்த அமைப்பும் இனி அவர்களுக்குத் திருப்பித் தருவதைக் கூட்டியே ஆகவேண்டும்: சம்பளம், மேற்படிப்பு, மேற்பொறுப்பு எல்லாவற்றிலும். சேவை மனப்பான்மை என்ற பெயரில் கடைசி வரிசைப் பணியாளரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்த்தால் எந்த உயர்ந்த கொள்கையும் நிலைக்காது. நிறுவனரைப் பார்த்திராத, அந்தக் குடும்பத்தைச் சேராத தலைமுறை பெரும்பான்மையாகும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தலைமுறைக்கும் இந்தப் பழக்கத்தைக் கடத்துவது, அறுவை மேசைகளின் முறையை வகுத்ததைவிடக் கடினமான வேலை. அவர்களால் முடியும் என்றே நம்புகிறேன், ஏனென்றால் தங்கள் குறையை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

அரவிந்தின் இன்னொரு நல்ல குணம், எதையும் மறைத்து வைக்காதது. லைக்கோ என்ற அவர்களுடைய பயிற்சி நிறுவனம் 1992 முதல் மற்றக் கண் மருத்துவமனைகளுக்குத் தங்கள் முறையைக் கற்றுக்கொடுத்து வருகிறது. இந்தியாவிலும் வெளியிலுமாக நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அங்கே பயின்றிருக்கின்றன. கண் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத தொழில் நடத்துகிறவர்களும் ஒருமுறை மதுரைக்குப் போய்வர வேண்டும். தலைவரின் அறைக்குப் போகும் முன், புறநோயாளிப் பிரிவில் பார்வை அளந்துகொண்டிருக்கும் ஒரு சிஸ்டரிடம் பேசிப் பாருங்கள். இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள், தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வீர்கள், சொன்னால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் நிறுவனத்தில் கடைசி வரிசையில் நிற்பவரிடம் அதே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.