மலைக்காடும் சட்டமும்

மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகள் இலங்கையின் மத்திய மலைநாட்டிலே பிறக்கின்றன. அம்மலைகளின் உச்சியிற் காடுகள் இன்றும் எஞ்சியிருப்பதற்குச் சட்டமே காரணம். ஆயினும், சரிவுகளிலிருந்த காடு அழிவதற்கும் சட்டமே வழிதிறந்தது.

1840ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியாளர் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டமொன்றை இயற்றினர். உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் அதன்படி அரசுடைமையெனக் கொள்ளப்பட்டன. அவ்வாறு அரசு பெற்ற காடுகள் கோப்பி பயிரிட விழைந்தோருக்கு விற்கப்பட்டன. மலைச்சரிவுகள் மொட்டையாயின. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பின்னர் அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ கோப்பியினும் உயர்ந்த இடங்களில் வளரவல்லது. உச்சிக் காடுகளுக்கும் ஆபத்து நெருங்கியது.

அந்நாளில், 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என அறிவுறுத்தினார். அரசும் அதனை ஏற்றது. மழைநீரை ஏந்தி மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் ஆறுகளுக்குச் சிறிது சிறிதாக ஈபவை அக்காடுகளே. ஹோட்டன் சமவெளி அவ்வெல்லைக்கு மேலேயே உள்ளது.

1885இல் வனக் கட்டளைச் சட்டமும், 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1980இல் தேசிய சுற்றாடற் சட்டமும் பிறந்தன. 1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று.

எனினும், கோப்பிக்காக வெட்டுண்ட காட்டை இவற்றுள் எந்தச் சட்டமும் மீட்டுத் தரவில்லை. மலையில் மரம் வீழ்ந்தால், தாழ்நிலத்து உழவனின் வாய்க்காலில் நீர் குறையும். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பர் பெரியோர். காட்டைக் காக்கும் சட்டமும் கோடரிக்கு முன்னரே வரல் வேண்டும்.