விளக்கா, தொலைக்காட்சியா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஊர்களிலும், தேவிகுளம், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இரு மாதங்களுக்கொரு முறை மின்கட்டணச் சீட்டு வருகின்றது. தொகை மிகுந்திருப்பின், பிள்ளைகள் விளக்கை அணைப்பதில்லை என்று கடிந்துகொள்வது நம் வழக்கம். குற்றம் விளக்கினுடையதுதானா என்று சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் செலவிட்டால் ஒரு யூனிட். முன்னாளில் ஒரு வீட்டில் 60 வாட் குண்டு பல்புகள் நான்கு, நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தன என்று கொள்வோம். செலவு 1.2 யூனிட். 80 வாட் வாங்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டி அதே ஐந்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட்தான். குண்டு பல்பு தான் பெற்ற மின்சாரத்தில் மிகப்பெரும் பகுதியை வெப்பமாகவே வீணாக்கிற்று. ஆதலின் விளக்கை அணைக்கச் சொன்ன பெரியோர் சொல் அன்று முற்றிலும் பொருந்தியது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கும் ஐந்து மணி நேரத்தில் செலவிடுவது 0.18 யூனிட்டே. சுவரில் மாட்டிய 43 அங்குலத் தொலைக்காட்சி 80 வாட் வாங்குமாயின், அதே நேரத்தில் 0.4 யூனிட், விளக்குச் செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல். திரை பெரிதாகப் பெரிதாக, அதன் ஒளியைக் கூட்டக் கூட்ட, இந்த எண்ணும் ஏறும்.

இதனினும் வியப்பானது செட்டாப் பெட்டி. ரிமோட்டால் அணைத்த பின்னும் அது உறங்குவதில்லை. 10 வாட் வாங்கும் பெட்டியைச் சுவர் சுவிட்சில் நிறுத்தாது விட்டால், எவரும் பாராத 19 மணி நேரத்தில் 0.19 யூனிட் செலவாகும். நான்கு விளக்குகளின் செலவைக் காட்டிலும் இது அதிகம்! இரு மாதக் கணக்கில் 11 யூனிட்டைத் தாண்டும்.

பதினொரு யூனிட் அற்பமன்றோ எனலாம். கேரள மின்வாரியத்தின் கட்டண முறையில், மாத நுகர்வு 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான விகிதம் போய், முதல் யூனிட் தொட்டே உயர்ந்த விகிதம் வந்துவிடும். குளிர்பெட்டியும் மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து அந்த எல்லையருகே நிற்கும் வீட்டிற்கு, இச்சிறு மிகுதியே பெருஞ்சுமையாகும்.

முதிரைப்புழை நீரால் 1940-இல் பள்ளிவாசலில் மின்னாக்கம் தொடங்கியது. 1976-இல் 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கித் திட்டம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2010-இல் பாலக்காடு, நாட்டிலேயே முழுமையாக மின்வசதி பெற்ற முதல் மாவட்டமென அறிவிக்கப்பெற்றது. இவ்வளவும் இருந்தும் கேரளம் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கியே வருகின்றது. விளக்கும் தொலைக்காட்சியும் ஒருங்கே இயங்கும் மாலை 6 மணி முதல் 10 மணி வரையிலான பொழுதில்தான் தேவை உச்சமடைகின்றது.

தொலைக்காட்சியின் பின்புறத் தகட்டில் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து மேற்சொன்னவாறே கணக்கிடலாம். மாட்டுத் தொழுவத்திலோ குளியலறையிலோ பழைய குண்டு பல்பு இன்னும் தொங்குமாயின், முதலில் மாற்றவேண்டியது அதைத்தான்.