கைவிடப்பட்ட ஒரு கணக்கு போதும்: தொலைநிலை இணைப்பில் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ அலுவலகக் கணினிகளுடன் இணையும் வசதியை ஊழியர்களுக்கு வழங்கத் திட்டமிடும் நிறுவனங்கள், பெரும்பாலும் விபிஎன் கருவியின் விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டே முடிவெடுக்கின்றன. இணைபவர் உண்மையில் நிறுவனத்தின் ஊழியர்தானா என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் சான்று. அந்நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பகுதிக்குரிய எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுசெல்லும் அதன் குழாய்ப்பாதை, 2021 மே 7ஆம் தேதி நிறுத்தப்பட்டது. பயன்பாட்டில் இருந்திருக்கவே கூடாத பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாக ஊடுருவிகள் நுழைந்திருந்தனர். அதன் கடவுச்சொல் எளிமையானதன்று என்று நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜோசப் பிளவுண்ட் செனட் குழுவிடம் தெரிவித்தார். ஆனால், அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு எந்தச் சரிபார்ப்பும் இல்லை. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை செலுத்த நேர்ந்தது.

தொலைபேசி வழியே மோடம் கொண்டு இணைந்த டயல்-அப் காலத்திலேயே இந்தச் சிக்கல் உணரப்பட்டது. ஒவ்வோர் இணைப்பகத்திலும் தனித்தனியே பயனர் பட்டியல் வைப்பதற்குப் பதிலாக, மைய சர்வர் ஒன்றில் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ‘ரேடியஸ்’ நெறிமுறை 1991ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான். மோடம்கள் மறைந்துவிட்டன, ரேடியஸ் இன்றும் விபிஎன், வைஃபை கருவிகளின் பின்னணியில் இயங்குகிறது. அதன் பழைய எம்டி5 பாதுகாப்பு முறையைப் பயன்படுத்தித் தாக்க முடியும் என்பதை 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். எனவே, ரேடியஸ் தகவல்கள் டிஎல்எஸ் குறியாக்கத்துடன் அனுப்பப்படுமா என்று விற்பனையாளரிடம் கேட்டறிவது அவசியம்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பிலும் எல்லா முறைகளும் சமமானவை அல்ல. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, சிம் கார்டை மோசடியாக மாற்றிப் பெறுவோர் கையில் சிக்கக்கூடும். கைப்பேசிச் செயலி உருவாக்கும் ஆறு இலக்க எண் சிக்னல் இல்லாத இடத்திலும் கிடைக்கும் என்பதால், வெளியூர் செல்லும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அது பொருத்தமானது. திரையில் தோன்றும் ‘அனுமதி’ பொத்தானை அழுத்தும் முறை எளிதுதான். ஆயினும், 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர், ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு அத்தகைய கோரிக்கைகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, இறுதியில் ஒன்றை ஏற்கச் செய்தார். ஃபிடோ தரத்திலான பாதுகாப்புச் சாவி, போலி இணையதளத்துக்கு விடையளிக்காது. அனைவருக்கும் அதை வாங்கித் தர இயலாத சிறு நிறுவனங்கள், கணினி நிர்வாகிக்கும் கணக்குப் பிரிவினருக்குமாவது வழங்கலாம்.

கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்து இயக்குவதற்காக, ரிமோட் டெஸ்க்டாப் வசதியை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்கும் வழக்கமும் உண்டு. செலவில்லாத இந்த வழி, பிணைத்தொகை கேட்கும் கும்பல்கள் முதலில் தேடிப் பார்க்கும் கதவாகும்.

சட்டக் கடமைகளும் கருவித் தேர்வைப் பாதிக்கின்றன. இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதுபற்றித் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். ஒரு வாரத்திலேயே பழைய பதிவுகளை அழித்துவிடும் மலிவுக் கருவி, இக்கடமையை நிறைவேற்ற உதவாது. தனிநபர் தரவைக் காக்க உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது.

வாங்குவதற்கு முன் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பணியிலிருந்து விலகும் ஊழியரின் பெயரை மையப் பட்டியலில் நீக்கியதும், விபிஎன், மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் ஆகிய அனைத்திலும் அவரது அனுமதி உடனே முடிவுக்கு வருகிறதா என்று பார்ப்பதே அது. ஒவ்வொன்றிலும் தனித்தனியே நீக்க வேண்டியிருந்தால், ஏதேனும் ஒன்று விடுபட்டுப்போகும் வாய்ப்பு அதிகம்.