பக்கெட்டில் குளிரும், கழனியில் பறக்கும்

சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு மேலுரம் போடும் நாளில், சோளிங்கர் பக்கத்து விவசாயி ஒரு பிடி யூரியாவைப் பக்கெட் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்க்கலாம். கை சில்லிட்டுப் போகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை யூரியா அந்தத் தண்ணீரிடமே பிடுங்கிக்கொள்கிறது. 100 மில்லி தண்ணீரில் 100 கிராமுக்கு மேலேயே கரையும்.

பார்க்க உப்புப் போல இருந்தாலும் அது உப்பல்ல. சமையல் உப்பு தண்ணீரில் மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரியும். யூரியா மூலக்கூறு உடையாமல் முழுசாக மிதக்கும். அதற்கு மின்னேற்றம் இல்லாததால் களிமண்ணாலும் இழுத்துப் பிடிக்க முடியாது. போட்ட கையோடு பெருமழை பெய்தால் நீரோடு நீராகப் போய்விடும்.

தப்பியதை மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி உடைக்கிறது. விளைவது அம்மோனியம் கார்பனேட். பஸ் ஸ்டாண்டு சிறுநீர்க் கழிப்பிடத்தில் மூக்கைப் பிடிக்க வைப்பதும் இதே வேதிவினைதான். அம்மோனியம் நேர்மின்னேற்றம் கொண்டது, மண் அதை விடாது. ஆனால் நீரில் காரத்தன்மை ஏறினால் அது அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். தேங்கி நிற்கும் வயல்நீரில் உச்சிவெயிலில் நடப்பது இதுதான்: பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்சக் காரம் ஏறுகிறது, காசு காற்றோடு போகிறது.

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலை அம்மோனியம் சல்பேட் நீரில் அலசும்போது கண்ணெரிய எழுவதும் காரம் விரட்டிய அம்மோனியாதான்.

கழனியில் நஷ்டமாவது நெடுஞ்சாலையில் உதவியாகிறது. சென்னை–பெங்களூரு சாலையில் ஓடும் பிஎஸ்-6 புகை விதிக்குட்பட்ட டீசல் லாரிகள் பலவற்றில் தனி டேங்கில் 32.5 சதவீத யூரியாக் கரைசல் இருக்கிறது. சூடான புகையில் அது அம்மோனியாவாகி, நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

வயலில் யூரியா வீணாவதைத் தடுக்க என்ன வழி? 2015 முதல் நம் நாட்டு உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அம்மோனியம், நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குவதை அது தாமதப்படுத்தும், ஆவியாவதை அவ்வளவாகத் தடுக்காது. வேளாண் துறையின் பழைய பரிந்துரை இன்றும் செல்லும்: 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு ராத்திரி வைத்துப் போடுவது. தேங்கிய நீரை வடித்து, வெயில் தாழ்ந்தபின் வீசி, பிறகு மடையைத் திறந்து நீர் பாய்ச்சுங்கள். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 20.7 கிலோதான், அதைப் பாசிக்கும் காற்றுக்கும் பங்கு வைக்க வேண்டாம்.