குட்டை வம்சமா, வயிற்றுப் பசியா?

பதுளைத் தோட்டங்களில் பிள்ளைகளை நிறுத்து அளக்கும் நாட்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "எங்க வம்சமே கட்டைதான் சாமி." இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

மூளையின் அடியில் பயறளவில் உள்ள கபச்சுரப்பி, வளர்ச்சி ஓமோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தோடு ஈரலை அடைகிறது. கடிதம் வந்தால் போதாது. வாங்க வீட்டில் ஆள் வேண்டும். ஈரல் கலங்களின் மேலுள்ள 'வாங்கி' என்னும் புரதமே அந்த ஆள். அது ஓமோனைப் பற்றியதும் ஈரல் ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருளை வெளிவிடுகிறது. எலும்பை நீளச் செய்வதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

வாங்கி எல்லோரிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலரிடம் அதன் சிறு துண்டொன்று இராது. அதனால் உயரம் பெரிதாக மாறுவதில்லை. வாங்கி முற்றாகப் பழுதானாலோ, ஓமோன் நிறைய இருந்தும் பிள்ளை வளராது. வளர்ந்தபின்பும் நாலரை அடியை எட்டுவது அரிது. 1966இல் இஸ்ரேல் மருத்துவர் ஸ்வி லாரோன் விவரித்த நோய் இது. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் இது உண்டாகும். ஆகவே நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்போரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. ஆயினும் உலகிலேயே மிக அரிய நோய்.

நம் நிலை என்ன? 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். அரிய நோய் இத்தனை பேருக்கு வராது.

போதிய உணவில்லாத உடல், இருப்பதை உயிர் காக்கவே செலவிடும். ஓமோன் வந்தாலும் ஈரல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. அடிக்கடி வரும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் இதையே செய்கின்றன. லாரோன் நோயில் கடிதம் வாங்க ஆளில்லை. பசியில் ஆள் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாத்திய கதவைத் திறக்க முடியும்.

2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்தபின் உயிர் தப்பியோர் நெடுநாள் தற்காலிக இடங்களில் காத்திருந்தனர். பெரியவர்கள் காத்திருக்கலாம், கைக்குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகள் காத்திரா. ஆகவே, நிலமும் வீடும் இழந்து இடம் மாறிய பெற்றோரே, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கைவிடாதீர்கள். புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே பதியுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பின்னர் தாய்ப்பாலுடன் பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை. கொதித்தாறிய நீரையே கொடுங்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் திரிபோஷா பிள்ளைக்கே சேரட்டும்.

நன்றாக உண்டும், நோயில்லாமலும் பிள்ளை வளரவில்லையெனில் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள். அதற்கு முன் வம்சத்தைக் குறை சொல்ல வேண்டாம்.